சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு, அண்ணி எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரித்து முடித்த பிறகு மீதியைப் படிக்கலாம். போன மாதம் முழுக்க நான் நாய் மருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

மாடிவீட்டம்மா வீடு மாற்றிக்கொண்டு போகும்போது, வேண்டாத சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அதில் ஒரு டப்பா. மேலே காளான் படம், பக்கத்தில் ஒரு பூப் படம். நாலு சின்ன இதழ், நடுவில் ஒரு பெரிய இதழ். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். காளானும் பூவும் சேர்ந்தால் கெடுதலா வந்துவிடப் போகிறது என்று காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போட்டுக்கொண்டேன். முந்தாநாள் எங்கள் லாண்டரியில் கணக்கெழுதுகிற பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது பூ இல்லக்கா. நாயோட பாதம். வயசான நாய்க்கு முட்டி வலிக்கறதுக்கும் முடி கொட்டறதுக்கும் குடுக்கறது" என்றாள். இஸ்திரி மேடையில் நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்ததில் ஓட்டல்காரனின் தலையணை உறை ஒன்று கருகிப் போனது.

ஆனால் நாத்தனாரே, எனக்கு முடி கொட்டுவது நிஜமாகவே நின்றிருக்கிறது. அதுதான் மண்டையைக் குடைகிறது. மருந்து வேலை செய்ததா, இல்லை முடி தானாகவே நின்றதா? வேலை செய்தது என்றால் நாய்க்கு எதற்கு, எனக்கே வாங்கலாமே!

இதையெல்லாம் போனில் கேட்டிருப்பேன். நீதான் எடுப்பதில்லையே. போன தடவை வந்தபோது உன் அண்ணனின் காளான் பொடியைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டினாய். கொட்டிவிட்டு, "படிக்காத வீட்ல இப்படித்தான் நடக்கும்" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். பொடி தண்ணீரைக் குடித்து உப்பிக் குழாயை அடைத்துக்கொண்டது. உன் அண்ணன் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டே, "படிச்சவங்க வந்துட்டுப் போன வீட்ல இப்படித்தான் நடக்கும்" என்றார். நீ சொன்னது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. போகட்டும்.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. உன் அண்ணன் பொடியை விட்டுவிட்டு அதே காளானைக் கேப்சூலாக வாங்கிச் சாப்பிடுகிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இயற்கைப் பொருள் கடை போட்டிருக்கிறவன் அவரை மாமா மாமா என்று கூப்பிட்டே விற்றுவிட்டான். உடம்பு இருபது வயசு மாதிரி இருக்கிறதாம். லிஃப்ட் ரிப்பேருக்குப் போனால் நாலு மாடி படியேறிப் போகிறாராம், மூச்சே வாங்குவதில்லையாம். சந்தோஷம். ஆனால் நேற்று சாப்பிட்டுக்கொண்டே, "அப்புறம் எதுக்கு இந்த பிரஷர் மாத்திரை? இந்த அட்டை முடியட்டும், நிறுத்திடறேன்" என்றார்.

அவர் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். லிஃப்ட் கூண்டின் கூரை மேல் நின்றுகொண்டு ரிப்பேர் பார்ப்பது, கீழே ஏழு மாடிப் பள்ளம்.

நீ மருந்துக்கடையில் நிற்கிறவள். என்னைத் திட்டாமல் உண்மையைச் சொல். இந்தக் காளானில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா? எனக்குக் குரைப்பு வந்தால் தனியாக எழுதுகிறேன்.

அண்ணி

ஜூன் 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது சிரித்தேன். கடையில் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாய் மருந்தை உடனே நிறுத்துங்கள். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் இனி ஆகாது. முடி கொட்டுவது வருகிற மாதிரியே போகவும் போகும். அதற்கு டப்பாதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. இதுதான் எல்லாக் காளானுக்கும் என் பதில். ஆனால் நீங்கள் இவ்வளவோடு விடமாட்டீர்கள் என்று தெரியும்.

காளானில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னது கோபத்தில். ரெய்ஷி என்று ஒன்று, மரத்தில் விசிறி மாதிரி ஒட்டிக்கொண்டு வளரும், கட்டை மாதிரி இருக்கும், கசக்கும். சிங்கத்தின் பிடரி மாதிரித் தொங்குகிற வெள்ளைக் காளான் இன்னொன்று, ஞாபகசக்திக்கு என்று விற்கிறார்கள். இவற்றில் இருக்கிற சில சத்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகின்றன என்று கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் செய்தவை குறைவு, பெரும்பாலும் சின்னச் சின்னக் கூட்டத்தை வைத்துச் செய்தவை. அதனால், "இருக்கலாம், இன்னும் தெரியாது" என்பதுதான் நேர்மையான பதில். ஒரே பெயர் போட்ட இரண்டு பாட்டிலில் ஒரே சரக்கு இருக்கும் என்பதற்குக்கூட உறுதி இல்லை.

எது வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு கேப்சூல் செய்வார்கள். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் மாவு. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. கடைசியில்தான் பிரித்துப் பார்ப்பார்கள். மாவு சாப்பிட்டவர்களிலும் பலர் உடம்பு தேறிவிட்டது என்பார்கள். பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித் தோன்றும். அதைவிட எவ்வளவு கூடுதலாக மருந்து செய்தது என்பதுதான் கேள்வி.

அண்ணன் விஷயம். பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரெய்ஷி மாதிரி சில வகைகள் பிரஷரை இன்னும் இறக்கலாம், இரத்தத்தை உறையவிடாமல் இளக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. பிரஷர் ஏறினால் உள்ளே மணி அடிக்காது, அண்ணி. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏறும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. எங்கள் முதலாளி கவுன்ட்டருக்கு நேர் எதிரே காளான் பாட்டிலுக்கென்று ஒரு அலமாரி வைத்திருக்கிறார். விற்பது நான்தான். "நல்லாப் போகுது மேடம்" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். நல்லாப் போகிறது என்றால் விற்கிறது என்றுதான் அர்த்தம், அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாயோடு உங்கள் வீட்டுக்கு வந்து அதே பொடியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

படிப்பைப் பற்றி நான் சொன்னது தப்பு. குழாய் அடைத்ததும் என் தப்பு.

நாத்தனார்

ஜூன் 17

என் அருமை மாத்திரை மகாராணிக்கு,

குழாய்க்கு மன்னிப்பு. மற்றதற்கு நீ நேரில் வந்து என் கையால் ரெண்டு கொட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

உன் கடிதத்தை லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, உன் அலமாரிக் கதையை விட்டுவிட்டுத்தான் படித்தேன். மாவு கேப்சூல் இடம் வந்ததும் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "அப்ப நம்மளே பாக்கலாமே!" என்றாள் குண்டூசி. குண்டூசி என்பவள் எனக்கு எதிர் மேடைக்காரி. வாயில் எப்போதும் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டேதான் பேசுவாள், அதனால் அவள் ரகசியம் எதுவும் வெளியே வராது. இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

ஆகவே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பதறாதே, சொல்கிறேன்.

உன் அண்ணன் புதுசாக ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். பழைய காலிப் பாட்டிலும் கூடவே இருந்தது. இரண்டையும் குண்டூசியிடம் கொடுத்தேன். அவள் கேப்சூல்களில் பாதியை இழுத்துத் திறந்து, பொடியைக் கொட்டிவிட்டு, கோதுமை மாவைச் செம்பழுப்பாக வறுத்து அடைத்தாள். வெளியே இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பிறகு எங்கள் தொழில் வழக்கப்படி குறி போட்டாள். எந்த வீட்டுத் துணி எது என்று தெரிய நாங்கள் காலரில் கலர் நூல் கட்டுவோம், உனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் நீல நூல். எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டால் வாயில் கவ்வியிருக்கிற ஊசியைக் காட்டுகிறாள்.

வீட்டில் கொண்டுபோய் வைத்து, "நானும் காளான் சாப்பிடப் போறேன், ஆளுக்கொரு பாட்டில்" என்றேன். உன் அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "இப்பவாவது புத்தி வந்துதே! சிவப்பு எனக்கு" என்று அவரே எடுத்துக்கொண்டார். நான் தொடவில்லை, சாட்சிக்குச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. அப்புறம் ஒரு நிபந்தனை போட்டேன். "இந்த மாசம் மட்டும் பிரஷர் மாத்திரையும் சேந்து நடக்கட்டும். மாசக் கடைசில நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் சரி என்றார். அவ்வளவு லேசில் சரி சொல்கிற மனிதரா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

இப்போது நடப்பு. அவர் குளிக்கும்போது விசில் அடிக்கிறார், இருபது வயசும் நாலு மாடியும் அப்படியே இருக்கிறது என்கிறார். கம்பெனியில் கூட்டாளிகளையெல்லாம் பிடித்து உட்கார வைத்துக் காளான் மகிமை பேசுகிறார். அவர்களில் ஆறு பேர் பாட்டில் வாங்கிவிட்டார்களாம். எனக்கு வயிறு கடமுட கடமுட என்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. ஆகையால் என் கணிப்பு: அவருக்குக் காளான், எனக்கு மாவு. லாண்டரியில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தோற்கிற கட்சி ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மடிக்க வேண்டும்.

நீ எந்தக் கட்சி?

அண்ணி

ஜூன் 24

அண்ணி,

ஒரு விளக்கத்துக்காகச் சொன்னேன். செய்து பார்க்கச் சொல்லவில்லை!

நிஜச் சோதனைகளில் சேருகிறவர்களிடம் முதலிலேயே சொல்வார்கள்: உங்களுக்கு மாவும் கிடைக்கலாம், சம்மதமா என்று. அண்ணனிடம் யார் கேட்டது? இதற்குப் பெயர் சோதனை இல்லை, ஏமாற்று. ரெண்டே பேரை வைத்துக்கொண்டு எதுவும் நிரூபிக்க முடியாது என்பது வேறு. உங்கள் வயிறு ஒரு வயிறு. அவர் விசில் ஒரு விசில்.

இவ்வளவு திட்டியும் தினமும் காலையில் இன்றைக்கு அவர் எப்படி இருக்கிறாரோ என்று யோசித்துக்கொண்டேதான் கடையைத் திறக்கிறேன். நான் நீலக் கட்சி. அதாவது காளான் உங்களுக்குத்தான் என்கிறேன். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் பலர் முதலில் வயிற்றைத்தான் பிடிப்பார்கள், எங்கள் அலமாரி அனுபவம்.

எப்படி இருக்கிறது என்று கேட்பது போதாது, அளந்து பார்க்க வேண்டும். பிரஷர் பார்க்கிற மெஷின் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து, பேசாமல், கொஞ்ச நேரம் கழித்துக் கையில் சுற்றுங்கள். பேசாமல் என்று எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள்.

இங்கே ஒரு மாறுதல். பாட்டில் கேட்டு வருகிறவர்களிடம், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பாதிப்பேர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போகிறார்கள். முதலாளி என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் ஞாபகசக்திக் காளானை விடுவதாக இல்லை. வாங்கிப் பணம் கொடுத்துவிட்டுப் பாட்டிலை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் தெருவில் ஓடிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அண்ணன் மாத்திரை போடுவதை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்களா?

நாத்தனார்

ஜூலை 6

நாத்தனாரே,

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

உன் மெஷின் வந்தது. முதலில் எல்லாம் கொண்டாட்டம்தான். குண்டூசிக்குப் பார்த்தேன், எதிர்வீட்டுக்காரிக்குப் பார்த்தேன், தபால்காரரைக்கூட உட்காரவைத்துப் பார்த்தேன். உன் அண்ணன் மட்டும் கையை நீட்டவில்லை. "நல்லா இருக்கற ஆளுக்கு எதுக்கு அளவு?" என்றார்.

மாத்திரை போடுவதைக் கண்ணால் பார்க்கிறாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேனே. தினமும் அட்டையைப் பிதுக்குவார், கையில் எடுப்பார், தண்ணீர் குடிப்பார். அட்டையும் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டு வந்தது. போன வாரம் அவருடைய நீலச் சட்டைகளை இஸ்திரி போட எடுத்தேன். மேல்பையின் மூலையில் வெள்ளையாக என்னவோ கட்டி தட்டியிருந்தது. சோப்பு சரியாக அலசவில்லை என்று நினைத்தேன். அடுத்த சட்டையிலும் அதே மூலை. அடுத்ததிலும். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகவில்லை, பொடியாக உதிர்ந்தது. சோப்பு அப்படி உதிராது. துவைக்காமல் கிடந்த நீலச் சட்டையைத் துழாவினேன், முழுசாகவே ஒன்று இருந்தது, வட்டமாக, நடுவில் கோடு போட்டு.

தண்ணீரைக் குடித்துவிட்டு மாத்திரையைப் பையில் போட்டிருக்கிறார். நான் நிபந்தனை போட்ட நாளிலிருந்தே.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் என்னை ஏமாற்றினார், நான் அவரை ஏமாற்றினேன், ரெண்டு பேரும் காலையில் எதிர் எதிரே உட்கார்ந்து கேப்சூல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே அவரோடு வேலை செய்கிற கிரீஸ் வீட்டுக்கு வந்தான். கை எப்போதும் கறுப்பாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வாசலிலேயே நின்று, "அண்ணி, அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றான். இரண்டு நாளுக்கு முன் கூண்டின் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். தலை சுற்றல். "கீழ எறக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துது. பெல்ட்டு போட்டிருந்தாரு, அதனாலதான்" என்றான். என்னிடம் அவர் அன்றைக்குச் சொன்னது, "இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுது" என்பதுதான்.

அவர் தூங்கி எழுந்து சட்டை போடாமல் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துக் கையில் பட்டையைச் சுற்றிவிட்டேன். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று ஆறு. "மெஷின் கோளாறு" என்றார். எனக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் காட்டியது.

குண்டூசியிடம் போனேன். வாயிலிருந்து ஊசியையெல்லாம் எடுத்து மேடையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, சிவப்புதான் மாவு."

நீலக் கட்சி ஜெயித்தது, நாத்தனாரே. காளான் என் வயிற்றில். இந்த மூணு வாரமாக அவர் சொன்ன இருபது வயசு, விசில், நாலு மாடி, எல்லாமே கோதுமை மாவு.

இதை நான் எப்படி அவரிடம் சொல்வது? ஆறு பேரை வாங்கவைத்த மனிதர். சொன்னால் ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் அடுத்த தடவை கிரீஸ் என்ன செய்தியோடு வருவானோ. நீ அவர் கூடப் பிறந்தவள். நீயே வந்து சொல்கிறாயா?

அண்ணி

ஜூலை 9

அண்ணி,

இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் அவர் பக்கத்தில் இருப்பார், நான் அழுதுவிடுவேன், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் வந்து சொல்லமாட்டேன். பயத்தால் இல்லை. பொடியைக் கொட்டினவள் வந்து அது மாவு என்றால் அவர் என்னோடு சண்டை போடுவார், விஷயம் அங்கேயே நின்றுவிடும். உங்களோடு அவருக்குச் சண்டை போடவராது. நீங்கள் சிரிக்கவைத்துவிடுவீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லுங்கள். உட்கார வைத்து, பூசி மெழுகாமல். அவர் முட்டாள் ஆகிவிட்டார் என்று நினைக்காதபடி இதையும் சொல்லுங்கள்: மாவு சாப்பிட்டு நன்றாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது பொய் இல்லை. நல்லது சாப்பிடுகிறோம் என்ற நினைப்புக்கே உடம்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். டாக்டருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஆனால் நிமிர்கிற உடம்பு வேறு, இரத்தக் குழாய் வேறு. குழாய்க்கு நினைப்பு கேட்காது.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நடுவில் நிறுத்திய மாத்திரையைத் தானாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். பாட்டில் இரண்டையும் எடுத்துப் போங்கள், நூலோடு. அதுவரை அவரை மேலே ஏறவிடாதீர்கள். மார்பு வலித்தால், கண் மங்கினால், பேச்சு குழறினால் மறுநாள்வரை காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

மாவு கேப்சூல் பேச்சை எடுத்தது நான். அந்தப் பங்கை என் பெயரிலேயே சொல்லுங்கள்.

முதலாளி நேற்று அலமாரியை என் கவுன்ட்டரிலிருந்து தள்ளிப் பல் பசை பக்கம் வைத்துவிட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் செய்தார்.

நாத்தனார்

ஜூலை 25

மகாராணிக்கு,

சொல்லிவிட்டேன். முழுசாகக் கேள்.

சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ரெண்டு பாட்டிலையும் எதிரே வைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"இன்னொரு சட்டையக் கருக்கிட்டியா?"

"இல்ல. நீங்க சாப்பிடறது மாவு."

"எது?"

"சிவப்பு நூல். வறுத்த கோதுமை மாவு. காளானை நான் சாப்பிட்டேன்."

என்னையே பார்த்தார். ஒரு கேப்சூலை எடுத்துத் திறந்து உள்ளங்கையில் கொட்டி நக்கிப் பார்த்தார். பிறகு, "உப்பாவது போட்டிருக்கலாம்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவருடைய நீலச் சட்டைப் பையில் கிடைத்த மாத்திரையை எடுத்து மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நாலு மாடி ஏறினது?"

"ஏறினது நீங்கதான். மாவு ஏறல."

"தலை சுத்தினது?"

"அதுவும் நீங்கதான்."

நீ சொன்னதையெல்லாம் சொன்னேன், உடம்பு நிமிர்வது, குழாய் கேட்காதது எல்லாம். உன் பங்கையும் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவர் வாயிலிருந்து விஷயம் வந்தது. காளான் மேல் அவருக்கு அப்படி ஒன்றும் காதல் இல்லை. கம்பெனியில் ஒருத்தருக்கு பிரஷர் என்று தெரிந்தால் கூண்டு மேலே ஏற்றமாட்டார்களாம். கீழே உட்காரவைத்து, லிஃப்ட் நின்றுபோச்சு என்று கூப்பிடுகிறவர்களுக்குப் போன் எடுக்கிற வேலையைக் கொடுத்துவிடுவார்களாம். "இருபத்தாறு வயசுல ஏறினேன். கீழ உக்காந்து அலோ அலோன்னு கத்தறதுக்கா?" என்றார். மாத்திரை சாப்பிட்டால் வியாதிக்காரன், காளான் சாப்பிட்டால் ஆரோக்கியக்காரன். அதுதான் கணக்கு. நான் இத்தனை நாள் கூட இருந்தும் இதைக் கேட்கவில்லை பார்.

"கம்பி தேஞ்சா மாத்தறீங்கல்ல? ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விடறீங்களா?" என்றேன். மறுநாள் எனக்கு முன்னாலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா நூல் கட்டிய பாட்டில்களைப் பார்த்தார். கதை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தோன்றியது. இரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். காளானைப் பற்றி உன்னை மாதிரியேதான் சொன்னார்: "இதுல ஒண்ணுமில்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த மாத்திரையோட இப்ப வேணாம். பிரஷர் நிலைக்கு வரட்டும், அப்புறம் வேணும்னா லேபிளோட எடுத்துட்டு வாங்க, பேசலாம்." உன் அண்ணன், "அப்ப இந்த மாவு?" என்று கேட்டார். "அது உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் உள்ள விஷயம்" என்றார்.

இப்போது காலையில் மாத்திரையை என் எதிரே வாயில் போட்டு, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, மேலே ஒரு மாவு கேப்சூலும் போட்டுக்கொள்கிறார். விசில் குறையவில்லை.

கம்பெனியில் அவரே போய்ச் சொன்னார். எது நடக்கும் என்று பயந்தாரோ அதுதான் நடந்தது. டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை போன் வேலை. கம்பெனி போனை இருபத்துநாலு மணி நேரமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். மாவுக் கதையைக் கூட்டாளிகளிடமும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சிரித்தார்களாம். கிரீஸ் மட்டும் தனியாக வந்து, "அண்ணே, எனக்கும் அந்த மாவு கெடைக்குமா?" என்றானாம்.

என் நீல பாட்டிலை நானும் நிறுத்திவிட்டேன். வயிறு அமைதியாகிவிட்டது. அது காளானை நிறுத்தியதாலா, தானாகவா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. முடி மறுபடியும் கொட்டுகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சிவப்புக் கட்சி ஒரு நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்தது. நானும் அதில் உண்டு.

உன் அண்ணன் சொல்லச் சொன்னது: "அவள அடுத்த மாசம் வரச் சொல்லு. தொட்டிப் பக்கம் மட்டும் விடாத." கொட்டு ரெண்டும் அப்படியே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: நேற்று மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனோம். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. நல்ல முன்னேற்றம் என்றார், ஏறுகிற பேச்சை இன்னும் ஒரு மாதம் கழித்துப் பேசலாம் என்றார். சந்தோஷமாக லிஃப்டில் இறங்கினோம். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே நாங்கள் ரெண்டு பேரும், கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும். லிஃப்ட் உன் அண்ணனின் கம்பெனி லிஃப்ட். பெரியவர் சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். உன் அண்ணனின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பயப்பட வேண்டாம், ஆள் அனுப்புகிறோம் என்றார். பெரியவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.